நகலில் காணாமல் போன கோபுரங்கள்

தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகரில் இருக்கும் உறவினர்கள் எங்கள் ஊர்க் குளிரை ஒருபோதும் நம்புவதில்லை. எண்பது கிலோமீட்டர்தானே என்பார்கள். ஆனால் இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலை மாதங்களில் அவர்கள் மெல்லிய சட்டையோடு கடற்கரையில் உலவிக்கொண்டிருக்கும் அதே காலைப் பொழுதில், மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் புல்லின் மேல் உறைபனி வெண்மையாகப் படிந்திருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்குக் கம்பளி என்றால், மார்கழி அதிகாலையில் தாத்தா தலையில் சுற்றிக்கொள்ளும் மப்ளர் மட்டுமே. திருமணமாகி இங்கே வந்த முதல் குளிர்காலத்தில்தான் பின்னல் ஊசிகளைக் கையில் எடுத்தேன். அடிப்படைப் பின்னலை என் மாமியார் ஒரே வாரத்தில் கற்றுக்கொடுத்துவிட்டார். நிறம் சேர்ப்பதைப் பற்றி அவரிடம் நான் கேட்கவே இல்லை. பட்டுப்புடவைக் கடைகளில் அம்மாவோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து பழகிய கண்ணுக்கு அதைப் புதிதாக ஒருவர் கற்றுத்தர வேண்டியதில்லை என்ற கர்வம் எனக்கு இருந்தது.

அந்தக் கர்வத்தோடு நான் பின்னத் தொடங்கியது ஒரு ஸ்வெட்டர். அரக்கு நிறத்தில் உடல், அடிக்கரையிலும் கைமுனைகளிலும் பாட்டில் பச்சையில் கோபுரக் கரை. கோபுரக் கரை என்பது படிப்படியாகக் கூர்ந்து போகும் முக்கோண வரிசைதானே; கண்ணிகளை எண்ணிப் பின்னுபவர்களுக்கு அதைவிட எளிதான வடிவம் வேறு இல்லை. கோபுரங்களுக்குக் கீழே ஒரு கண்ணி அரக்கு, ஒரு கண்ணி பச்சை என்று மாறி மாறி வரும் நான்கு வரிசைகளையும் சேர்த்துக்கொண்டேன். கடையில் இரண்டு நூலுருண்டைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது ஏதோ கல்யாண வீட்டுக் கூடத்தில் நிற்பதுபோல் மனம் நிறைந்தது. மூன்று வாரம் பின்னிய பிறகு கரையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கையருகே கோபுரங்கள் தெரிந்தன. கண்ணாடிக்கு முன்னால் நாலடி தள்ளி நின்றபோது அவை கரைந்துவிட்டிருந்தன. மாறி மாறி வந்த அந்த நான்கு வரிசைகள், டீ சிந்திக் காய்ந்த துணியின் நிறத்தில் இருந்தன.

பின்னலில் பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தமிழ் வகுப்பு எடுக்கும் இடத்தில் நகலெடுக்கும் பொறி ஒன்று உண்டு. கரையின் அமைப்பைத் தோழி ஒருத்திக்குக் காட்டி யோசனை கேட்கலாம் என்று, பின்னிய பகுதியை அப்படியே கண்ணாடியின்மேல் கவிழ்த்து ஒரு நகல் எடுத்தேன். வெளியே வந்த தாளில் கோபுரம் எதுவும் இல்லை. கண்ணிகளின் நெளிவுகள் ஒவ்வொன்றும் துல்லியமாகப் பதிந்திருந்தன. ஆனால் தாள் முழுவதும் ஒரே சாம்பல். பொறிக்கு நிறம் தெரியாது. எது வெளிறியது, எது அடர்ந்தது என்பது மட்டுமே தெரியும். அதன் கணக்கில் என் அரக்கும் என் பச்சையும் ஒன்றே.

நிறங்களைப் பற்றி நான் பேசத் தகுதி பெற்றது அந்தத் தாளைப் பார்த்த நாளிலிருந்துதான் என்று சொல்லலாம். சிவப்பா பச்சையா என்று நாம் பெயர் சொல்லி அழைப்பது நிறத்தின் ஒரு பாதி; அது எவ்வளவு வெளிர்ந்திருக்கிறது அல்லது அடர்ந்திருக்கிறது என்பது மறுபாதி. சிறிய வடிவங்கள் தொலைவிலிருந்து எடுபடுவதும் எடுபடாமல் போவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதியைப் பொறுத்தவை. இப்போதெல்லாம் நகலெடுக்கும் பொறி வேண்டாம். நூலுருண்டைகளை வரிசையாக வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் போதும். கடையிலேயே நின்றுகொண்டு நான் இதைச் செய்வதைப் பார்த்து, விற்பனைப் பெண் ஒருமுறை ஏதாவது புகார் செய்யப் போகிறேனோ என்று பயந்துவிட்டார். படத்தில் இரண்டு உருண்டைகளும் ஒரே சாம்பலாக வந்தால், அவற்றை அகலமான பட்டைகளாகப் பின்னலாம். நுணுக்கமான வேலைப்பாட்டுக்கு அவை உதவா.

அப்படியானால் காஞ்சிப் பட்டில் கிளிப்பச்சைக்கு மிளகாய்ப்பழச் சிவப்புக் கரை மட்டும் எப்படிப் பொருந்துகிறது என்று நீண்ட நாள் யோசித்திருக்கிறேன். அம்மாவின் புடவைகளில் மூன்றை இங்கே கொண்டுவந்திருந்தேன். அவற்றை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தபோது ஒன்றன்பின் ஒன்றாகக் காரணங்கள் புலப்பட்டன. முதலாவது, கிளிப்பச்சை அந்தச் சிவப்பைவிட வெளிர்ந்தது. நகல் பொறியில் வைத்தாலும் கரை தெரியும். இரண்டாவது, அங்கே நிறங்கள் கண்ணி கண்ணியாகக் கலப்பதில்லை. கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா என்று தனித்தனியே ஓட்டி, சேருமிடத்தில் இழைகளை ஒன்றோடொன்று கொக்கியிட்டு நெய்வார்கள். அதனால் உடல் உடலாகவும் கரை கரையாகவும் பரந்து நிற்கிறது. மூன்றாவதுதான் எனக்குப் பெரிய கண்டுபிடிப்பு. சிவப்பும் பச்சையும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும் இடத்தில் பெரும்பாலும் ஒரு மெல்லிய ஜரிகைக் கோடு ஓடுகிறது. சண்டைக்கு நிற்கும் இரண்டு பேருக்கு நடுவே பாட்டி ஒருத்தி வந்து உட்கார்ந்துகொள்வதைப் போல அது இரண்டையும் பிரித்து, இரண்டையும் தூக்கிக் காட்டுகிறது.

கம்பளியில் ஜரிகை வேண்டாம். சந்தன நிறத்தில் ஒரே ஒரு வரிசை போதும். அரக்கு ஸ்வெட்டரைப் பிரித்து மீண்டும் பின்னியபோது பாட்டில் பச்சையை விலக்கிவிட்டு மாம்பழ மஞ்சளில் கோபுரங்களை எழுப்பினேன். கரைக்கு மேலும் கீழும் சந்தன நிறத்தில் ஒவ்வொரு வரிசை கொடுத்தேன். இன்று தெருமுனையிலிருந்து பார்த்தாலும் கோபுரம் தெரிகிறது. இந்த நாட்டுக் கொடியைக் கவனித்தவர்களுக்கு இது புதிதாக இராது. 1994 ஏப்ரல் 27 அன்று ஏற்றப்பட்ட அந்தக் கொடியில் ஆறு நிறங்கள் இருக்கின்றன. ஆறு நிறங்களை ஒரே துணியில் வைத்தால் கண்ணைக் குத்த வேண்டும். ஆனால் நடுவில் ஓடும் பச்சைப் பட்டைக்கும் சிவப்பு, நீலப் பகுதிகளுக்கும் இடையே வெண்கோடு, பச்சைக்கும் கறுப்பு முக்கோணத்துக்கும் இடையே பொன்கோடு என்று வரம்பு கட்டிவிட்டார்கள். இங்குள்ள உண்டபெலே இன மக்களின் சுவரோவியங்களில் அதே வேலையைத் தடித்த கறுப்புக் கோடு செய்கிறது. அந்த இனத்து ஓவியர் எஸ்தர் மஹ்லாங்கு 1991இல் ஒரு பி.எம்.டபிள்யூ. காரின்மேல் அந்த ஓவியங்களைத் தீட்டியபோதும் கறுப்புக் கோடுகளை விட்டுவிடவில்லை. வெளிர்கோடு நிறங்களை இதமாக்குகிறது என்றும், கறுப்புக் கோடு அவற்றை எரியவைக்கிறது என்றும் என் அனுபவத்தில் சொல்வேன். குழந்தைகளுக்குப் பின்னும்போது நான் வெளிர்கோட்டைத்தான் நாடுகிறேன்.

மயில் கழுத்து நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாவில் நீலமும் ஊடையில் பச்சையுமாக நெய்யும்போது, அசையும் இடமெல்லாம் ஒரு நிறம் மறைந்து இன்னொன்று மின்னுவதைத்தான் மயில் கழுத்து என்கிறோம். கடைக்காரர்கள் டபுள் ஷேட் என்பார்கள். மெல்லிய நூல்கள் இரண்டைச் சேர்த்துப் பிடித்து ஒரே நூலாகப் பின்னினால் கம்பளியிலும் ஓரளவு இது கைகூடும். பட்டின் பளபளப்பு கிடைக்காது. ஆனால் ஒற்றை நிறத்தில் இல்லாத ஓர் ஆழம் வரும். இரண்டு நூல்களும் அடர்மையில் நெருங்கியிருக்க வேண்டும் என்பதே இங்கே விதி. கோபுரக் கரையைக் கெடுத்த அதே குணம் இங்கே நன்மையாகிவிடுகிறது. வெள்ளையையும் கறுநீலத்தையும் சேர்த்துப் பிடித்தால் உப்பும் மிளகும் கொட்டியதுபோல் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும்.

நிறத்தோடு நிறம் சேரும்போது இன்னொரு சங்கடமும் உண்டு. அதை முறையாக ஆராய்ந்தவர் பிரான்சு நாட்டு வேதியியலாளர் செவ்ருல். பாரிசில் கோப்லான் என்னும் புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு அவர் 1824இல் பொறுப்பேற்றார். கறுப்புச் சாயம் வலுவாக இல்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்தால் வெளிறித் தெரிகிறது என்று நெசவாளர்கள் குறைசொன்னார்கள். அவர் மற்ற இடங்களில் சாயமேற்றிய கறுப்பு நூல்களையும் வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சாயத்தில் குறையில்லை, பக்கத்து நிறம்தான் கண்ணை ஏமாற்றுகிறது என்று கண்டறிந்தார். நீலத்தை அடுத்து வரும் கறுப்பு, நீலத்துக்கு எதிரான ஆரஞ்சுச் சாயலை ஏற்றதுபோல் தோன்றிப் பழுப்பேறிக் காட்சியளிக்கிறது. 1839இல் வெளிவந்த அவருடைய புத்தகம் ஓவியர்களுக்கே பாடமாயிற்று. நிறங்களின் அறிவியலில் இவ்வளவு பெரிய திருப்பம் ஒரு நூல் தறியின் புகாரிலிருந்து பிறந்தது என்பதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு.

செவ்ருலின் பெயரை அறிவதற்கு முன்பே அவர் சொன்னதை நான் வீட்டில் பார்த்துவிட்டேன். மாமியாருக்கு ஒரு சால்வை: நடுவில் தூய சாம்பல், இரு பக்கமும் ஒயின் சிவப்பில் அகலமான பட்டைகள். போர்த்திக்கொண்டவர், "சாம்பல்னு சொன்னே, பச்சையடிக்குதே?" என்றார். நூலுருண்டையை எடுத்துக் காட்டினேன்; அது சாம்பலாகவே இருந்தது. சால்வைக்குப் பக்கத்தில் வைத்தால் மட்டும் பச்சையடித்தது. சிவப்புக்கு எதிர் பச்சை என்பதால் நடுவிலிருந்த பாவப்பட்ட சாம்பல் பச்சைச் சாயலை வாங்கிக்கொண்டிருந்தது. அன்று தொட்டு மாமியாருக்குச் சாம்பல் நிறம் என்றாலே ஆகாது. இப்போது நான் சாம்பல் வாங்கும்போது எந்த நிறத்தோடு அது குடும்பம் நடத்த வேண்டுமோ அந்த நிறத்தின் சாயல் ஒரு துளி ஏறிய சாம்பலாகப் பார்த்து வாங்குகிறேன். சிவப்போடு வைக்க இளஞ்சிவப்பு கலந்த சாம்பல். அது பக்கத்தில் வந்ததும் தூய சாம்பலாகத் தெரியும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் நிறத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. குழல்விளக்கின் கீழ் ஜோடியாகத் தெரிந்த இரண்டு நூல்கள் வெயிலில் பிரிந்துபோவதைத் தையல் தெரிந்த எவரும் கண்டிருப்பார்கள். அதனால்தான் நம் ஊர்க் கடைகளில் புடவையை வாசலுக்கு எடுத்துக்கொண்டுபோய்ப் பார்க்கிறார்கள். இங்கே கடையை விட்டுப் பொருளை வெளியே எடுத்துச் செல்ல விடமாட்டார்கள். கண்ணாடிச் சன்னலருகே போய் நிற்பதோடு சரி. மின்வெட்டு மலிந்திருந்த ஒரு குளிர்காலத்தில், மின்கலத்தில் எரியும் சிறிய விளக்கின் ஒளியில் கறுநீலம் என்று நம்பி அதே கூடையில் கிடந்த கறுப்பு உருண்டையை எடுத்துப் பன்னிரண்டு வரிசை பின்னிவிட்டேன். காலையில் சூரியன் வந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. மங்கிய ஒளியில் சிவப்பு சீக்கிரம் கறுத்துவிடும், நீலமும் பச்சையும் தாக்குப்பிடிக்கும் என்பது வேறு. அரையிருட்டில் நம் கண் வேறுவகை உயிரணுக்களை நம்பி இயங்குவதும், அவை நீலப்பச்சை ஒளிக்கே கூடுதலாக இணங்குவதும் இதற்குக் காரணம். பூர்கின்யே என்னும் செக் நாட்டு அறிஞரின் பெயரால் இதை அழைக்கிறார்கள். குளிர்காலத்தில் இங்கே ஐந்து மணிக்கே பொழுது சாய்வதால், மாலையில் போர்த்திக்கொள்ளும் சால்வைக்குச் சிவப்பில் நுணுக்கமான வேலை செய்வது வீண். பகலில் பூத்த ரோஜாவெல்லாம் ஐந்தரை மணிக்குக் கரிக்கட்டையாகிவிடும்.

பின்னலுக்கு வெளியே வந்தால் இந்த மாகாணமே ஒரு நிறப் பள்ளிக்கூடம். கிரேடவுன் வழியாக வடக்கே போனால் ம்சிங்கா வரும். அங்குள்ள ஜூலுப் பெண்களின் மணி வேலைப்பாட்டில் நிறங்களைத் தனித்தனியாக எண்ணுவதில்லை. தொகுதிகளாக எண்ணுகிறார்கள், ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பெயர் இருக்கிறது. இசிஷுன்கா என்பது ஏழு நிறத் தொகுதி: வெள்ளை, இளநீலம், கரும்பச்சை, வெளிர்மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு, கறுப்பு. கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் மணிமாலைகளோடு வரும் சீட்டில் வெள்ளை என்றால் தூய்மை, சிவப்பு என்றால் ஏக்கம் என்று அகராதி எழுதியிருப்பார்கள். ஊருக்கு ஊர், தொகுதிக்குத் தொகுதி பொருள் மாறும் என்பதை அந்தச் சீட்டு சொல்லாது. நான் இசிஷுன்காவிலிருந்து கற்றது வேறொன்று. அந்த ஏழில் மிக வெளிர்ந்ததும் இருக்கிறது, மிக அடர்ந்ததும் இருக்கிறது, இடைப்பட்டவை படிப்படியாக நிற்கின்றன. அதனால் எந்த இரண்டைப் பக்கத்தில் கோத்தாலும் ஏதாவது ஒரு வேறுபாடு கைகொடுக்கிறது. ஏழு நூலுருண்டைகளை அதே கணக்கில் வாங்கி வைத்துக்கொண்டு மீதமாகும் நூலில் பைகளும் தொப்பிகளும் பின்னி வருகிறேன். இதுவரை ஒன்றும் சோடைபோகவில்லை.

தொலைபேசிக் கம்பியில் பின்னும் கூடைகளையும் சொல்ல வேண்டும். கள் பானையை மூடும் இம்பெங்கே என்னும் தட்டை முன்பு புல்லிலும் ஓலையிலும் முடைந்தார்கள். பிறகு தொலைபேசி வடங்களுக்குள் இருக்கும் வண்ணக் கம்பிகளில் முடையத் தொடங்கினார்கள். நடுவிலிருந்து சுழன்று விரியும் அந்த நிறச் சுழிகளைக் கடையில் முதன்முதலாகப் பார்த்தபோது, விடுமுறை நாட்களில் சித்தி திண்ணையில் உட்கார்ந்து சிவன் கண் பின்னல் போட்ட வயர் கூடைதான் எனக்கு நினைவு வந்தது. வயர் கூடைக்கு இரண்டு கட்டு வயர் வாங்க வேண்டும். எந்த இரண்டு என்பதில் சித்திக்கும் பாட்டிக்கும் நடக்கும் வழக்கு அரை நாள் ஓடும். சித்தி வெள்ளை இல்லாமல் கூடை போடமாட்டார். அழுக்காகும் என்று பாட்டி எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டார். வெள்ளை இல்லாவிட்டால் பூ தெரியாது என்பார். நகல் பொறி எனக்குச் சொன்னதை அவர் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே திண்ணையில் சொல்லியிருக்கிறார். நான் அப்போது கூடைக்குள் ஒளிந்து விளையாடும் வயதில் இருந்தேன்.

இரண்டே நிறத்தில் எவ்வளவு செய்ய முடியும் என்று காண விரும்புபவர்கள் ஷ்வேஷ்வே துணியைப் பார்க்க வேண்டும். 1840களில் பிரெஞ்சுப் பாதிரிமார் பசோத்தோ மக்களின் அரசர் முதலாம் மோஷ்வேஷ்வேவுக்கு அவுரி நீலத் துணியைப் பரிசளித்ததாகவும், அவர் பெயரே துணிக்கு நிலைத்ததாகவும் சொல்வார்கள். அடர்நீலத்தில் வெள்ளைப் புள்ளிகளும் கொடிகளும், அவ்வளவுதான். இன்று பழுப்பு, சிவப்பு எனப் பல நிறங்களில் வந்தாலும் அமைப்பு அதேதான். கஞ்சி ஏற்றி மொடமொடவென்றிருக்கும் அந்தத் துணியில் குஷன் உறை தைத்து, அதன் நீலத்துக்கு இணையான நூலில் குரோஷாவால் ஓரம் கட்டினேன். என் கைவேலைகளில் மாமியாரின் தோழிகள் விலை கேட்டது அது ஒன்றை மட்டுமே.

நூலின் தன்மைக்கும் இடம் கொடுக்க வேண்டும். உலகில் கிடைக்கும் மொஹேரில் ஏறத்தாழப் பாதி தென் ஆப்பிரிக்காவின் அங்கோரா ஆடுகளிடமிருந்து வருகிறது. கரூ வறள்நிலப் பண்ணைகளின் அந்த நூல் சாயத்தை மின்னும்படி ஏற்கும். ஆனால் அதன் மேல் எழும் பஞ்சுப் படலம் பக்கத்து நிறத்தின் எல்லையைப் புகைபோல் மூடிவிடும். எனவே மொஹேரில் வடிவம் போடுபவர்கள் நிற வேறுபாட்டைத் தேவைக்குமேல் கூட்டிக்கொள்ள வேண்டும். பருத்தி நூல் இதற்கு நேர் எதிர். கோடு கோடாகத் துல்லியம் காட்டும், கூடவே சாயத்தையும் விடும். சிவப்பு, கறுநீலம் ஆகியவற்றை வெள்ளையோடு சேர்க்கும் முன் ஒரு முழம் நூலை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் சுற்றி இரவு முழுவதும் வைத்துப் பார்ப்பேன். உப்பும் காடியும் போட்டால் சாயம் நிற்கும் என்று சொல்பவர்கள் உண்டு. பருத்தியில் எனக்கு அது பலித்ததே இல்லை. எந்தெந்த உருண்டைகளுக்கு ஒருசேரச் சாயமேற்றினார்கள் என்பதைக் காட்ட, சுற்றுத்தாளில் அச்சிட்டிருக்கும் டை லாட் எண்ணைப் பார்க்காமல் வாங்குவதும் இதே வகைத் தவறு. ஒரு கடையில் பத்து உருண்டை கேட்டேன். ஏழு ஓர் எண்ணிலும் மூன்று வேறோர் எண்ணிலும் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். முதுகின் கீழ்ப்பாதி வேறு நிறமாக வந்த பிறகே தெரிந்தது. பிரித்து, இரண்டு வரிசைக்கு ஒருமுறை உருண்டையை மாற்றி மாற்றிப் பின்னி, வேறுபாட்டைக் கரைத்தேன். கை வலித்ததுதான் மிச்சம்.

ஒரு வரிசையில் இரண்டு நிறத்துக்குமேல் ஓட்டாதீர்கள் என்று புதிதாகத் தொடங்குபவர்களிடம் சொல்வேன். ஸ்காட்லாந்தின் பெருநிலத்துக்கு வடக்கே ஃபேர் ஐல் தீவில் வளர்ந்த பின்னல் மரபே அப்படித்தான். வேல்ஸ் இளவரசர் 1922இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் திடலில் அணிந்து உலகுக்குக் காட்டிய அந்த ஸ்வெட்டர்களில் எட்டு, பத்து நிறங்கள் தெரியும். ஆனால் எந்த ஒரு வரிசையை எடுத்தாலும் இரண்டே நூல்கள். பின்னணி நிறம் சில வரிசைகளுக்கு ஒருமுறை மாறும், வடிவ நிறம் வேறு இடத்தில் மாறும், அதனால் நிறங்கள் பெருகியதுபோல் தோற்றம். இன்னொரு நுணுக்கம்: பின்புறத்தில் கீழாக ஓடும் நூலின் கண்ணிகள் இம்மியளவு பெரிதாக அமைந்து முன்னால் எடுப்பாகத் தெரியும். பாதியில் இரண்டு நூல்களையும் கைமாற்றிக்கொண்டால், அதே நிறங்கள், அதே கட்டங்கள், ஆனால் மேல்பாதி மங்கியும் கீழ்ப்பாதி பளிச்சென்றும் இருக்கும். நிறத்தைக் குறைசொல்லும் முன் கையைச் சோதித்துக்கொள்ளலாம்.

என்னிடம் நிறம் பொறுக்கும் வேலை மொத்தமாக வந்து விழுந்தது மண்டேலா நாளுக்காகப் போர்வை பின்னியபோது. அவர் பொதுவாழ்வில் உழைத்த 67 ஆண்டுகளை நினைவுகூரும் விதமாக, ஏழைகளுக்குப் போர்வை பின்னித் தரும் '67 பிளாங்கெட்ஸ்' இயக்கம் நாடு முழுவதும் நடக்கிறது; மண்டேலா நாளான ஜூலை 18க்கு முன் போர்வைகள் கைமாற வேண்டும். எங்கள் கோயில் மண்டபத்துப் பெண்கள் ஆளுக்குப் பத்துச் சதுரம் என்று பின்னிக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார்கள். வாடாமல்லி, ஆரஞ்சு, பாசிப்பச்சை, பல்லிளிக்கும் இளஞ்சிவப்பு, யாரோ ஒருவரின் மீந்த பள்ளிச் சீருடை மெரூன். ஆண்ட்டி ஒருவர் கொடி நிறங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். திருப்பிக் கொடுத்தால் அடுத்த ஆண்டு யார் பின்னுவார்கள்? எல்லாவற்றையும் தரையில் பரப்பிக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தேன். வெளிர், இடை, அடர் என்று மூன்று குவியல். ஒவ்வொரு வரிசையிலும் மூன்று குவியலிலிருந்தும் சதுரங்கள் வரும்படி அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே கறுநீல நூலால் இணைத்தேன். நிறங்களின் பெயரை ஒருமுறைகூட நான் பார்க்கவில்லை. ஆண்ட்டி வந்து பார்த்துவிட்டு, அந்த இளஞ்சிவப்பை எங்கே ஒளித்தாய் என்றார். அது நட்ட நடுவில்தான் இருந்தது.

இப்போது மாமியாரின் எண்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு போர்வை. எம்.எஸ். நீலத்தில் உடல், வாடாமல்லியில் கரை என்பது வரை முடிவாகிவிட்டது. இரண்டும் அடர்ந்தவை, இரண்டுக்கும் நடுவே வரம்பு கட்ட மூன்றாவது நிறம் வேண்டும். மாம்பழ மஞ்சள், சந்தனம், வெளிர்சாம்பல் என்று மூன்று நூல் துணுக்குகளை ஓர் அட்டையில் நீலத்தோடும் வாடாமல்லியோடும் சேர்த்துச் சுற்றி, சமையலறைச் சன்னலில் செருகி வைத்திருந்தேன். காலை வெயிலில் மஞ்சள் வென்றது, மாலையில் சந்தனம். சாம்பலையும் விட்டுவிட மனமில்லை, இந்த நீலத்தோடு அது குளிர்ந்து அழகாகவே இருந்தது. நேற்றுக் காலை எழுந்து பார்த்தால் அட்டையில் சாம்பல் துணுக்கைக் காணவில்லை. தோட்டத்திலிருந்து பறித்து வைத்த கறிவேப்பிலைக் கொத்து அடுப்பருகே கிடந்தது, அதன் காம்புகளைச் சுற்றி வெளிர்சாம்பல் நூலால் இறுக்கமாக மூன்று முடிச்சு. ஆக, மீதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் இனி என் வேலை.